உள்ள தம் அடிக்கக் கூடாதா? கேரம் மன்றத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் கேரம் மன்றம் ஒரே அறை. ரெண்டு போர்டு, நாலு பெஞ்சு, ஒரு பீரோ நிறைய கோப்பைகள். சித்திரை மாதக் கூட்டத்தில், இனிமேல் உள்ளே யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது என்று முடிவெடுத்துப் பலகை மாட்டினோம். அன்றிலிருந்து என்னை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டதைக் கேட்டபடியே இங்கே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பதில் என்னுடையது, மன்றத்தின் தீர்மானம் இல்லை. அதே அறையில் பத்தொன்பது வருஷம் புகை விட்டவன் எழுதுகிறான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இத்தினி வருஷம் இல்லாத ரூலு இப்போ இன்னாத்துக்கு?

கேரம் ஆடுகிற அறை எப்படி இருக்கும் என்று ஆடினவர்களுக்குத் தெரியும். போர்டுக்கு மேலே தாழ ஒரு பல்பு தொங்கும். பவுடர் பறக்கும் என்று ஃபேனை நிறுத்திவிடுவோம். கொசுவுக்காக ஜன்னலையும் சாத்திவிடுவோம். நாலு பேர் ஆட, பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். அதில் ஆறு பேர் கையில் தம். ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் பல்புக்குக் கீழே புகை அப்படியே படுத்திருக்கும். ரெட் எங்கே இருக்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்து அடித்த நாளெல்லாம் உண்டு. அதையும் ஒரு கெத்தாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாறினது காசிமாவால். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில், பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று அம்மாக்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா மகளோடு வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்புறம் வரேன் தம்பி" என்று போனவர் வரவே இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் சட்டத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசியிருப்போம். மீதி நேரமெல்லாம் அந்த அம்மாவைப் பற்றித்தான்.

இது உங்க கமிட்டி ரூலா, கவர்மென்ட் ரூலா?

கவர்மென்ட் ரூல்தான். நாங்கள்தான் பல வருஷம் லேட்.

கேரளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1999-இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்றது. அடுத்து, காங்கிரஸ்காரர் முரளி தேவ்ரா போட்ட வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் இங்கெல்லாம் புகைக்கக் கூடாது என்று நாடு முழுக்க உத்தரவு போட்டது. 2003-இல் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவுதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற தடை. ஆனாலும் ஊர் உலகத்துக்கு அது உறைத்தது 2008 அக்டோபர் 2 அன்று புது விதிகள் வந்தபோதுதான். அப்போது அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சர். சிகரெட் கம்பெனியும் ஹோட்டல்காரர்களும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடிப்போய்த் தடை கேட்டார்கள். கிடைக்கவில்லை.

பொது இடம் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிற பட்டியலில் பொழுதுபோக்கு மையமும் வருகிறது. உறுப்பினர் மட்டும்தான் வரலாம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் வந்து நின்று ஆட்டம் பார்க்கிற இடம் இது. தப்பிக்க வழியில்லை.

ரோட்ல நின்னு அடிச்சா? டீக்கடையில? பஸ் ஸ்டாப்புல?

இங்கேதான் எல்லாருக்கும் குழப்பம். "பொது இடத்தில் புகைக்கத் தடை" என்றால் வீட்டு வாசலைத் தாண்டினாலே குற்றம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திறந்தவெளி இதில் சேராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், ஸ்டேடியம், திறந்தவெளி அரங்கம் இவையெல்லாம் கூரை இல்லாவிட்டாலும் பொது இடம் என்று 2008 விதி சொல்கிறது.

ஆக, தெரு ஓரம் நின்று அடித்தால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது. பத்தடி தள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் நடுவில் நின்று அடித்தால் தொடும். டீக்கடை உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து அடித்தால் தப்பு. கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டால் சட்டம் வாயை மூடிக்கொள்ளும். நம் பக்கத்து டீக்கடைகளில் உள்ளே எது, வெளியே எது என்று யார் கோடு கிழிப்பது? பாதிக் கடை பிளாட்பாரத்தில்தான் இருக்கிறது. கடை ஓரத்தில் புகைந்துகொண்டே தொங்கும் கயிறு போய், நூலில் கட்டின லைட்டர் வந்துவிட்டது. அதைத் தவிர வேறு மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை.

கடற்கரையும் திறந்தவெளிதான். ரயிலுக்குத் தனிச் சட்டமே உண்டு. 1989 ரயில்வே சட்டம் 167-ஆவது பிரிவின்படி, பெட்டியில் கூட இருக்கிற ஒரே ஒரு பயணி வேண்டாம் என்றாலும் அணைத்தாக வேண்டும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கதவோரம் நின்று அடிக்கிறவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

ஃபைன் எவ்ளோ? யாரு போடுவாங்க?

200 ரூபாய் வரைக்கும். 2003-இலும் இருநூறு, இப்போதும் இருநூறு. அப்போது அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம். 2021 ஜனவரியில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவு வெளியிட்டது. அபராதம் 2,000, வாங்கும் வயது 21, ஒத்த சிகரெட் விற்கத் தடை என்றெல்லாம் அதில் இருந்தது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. கர்நாடகம் தன் மாநிலத்துக்கு ஆயிரமாக உயர்த்திக்கொண்டது.

போலீஸ் மட்டும்தான் ஃபைன் போடலாம் என்பது தப்பு. பள்ளித் தலைமையாசிரியர், நூலகர், ஸ்டேஷன் மாஸ்டர், தபால் அலுவலக அதிகாரி எல்லாருக்கும் அவரவர் இடத்தில் அந்த அதிகாரம் இருக்கிறது.

ஆனால் இந்த விதிகளில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொன்று. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. இடத்தை நடத்துகிறவருக்கு நாலு கடமை இருக்கிறது. வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் பலகை வைக்க வேண்டும். புகார் சொல்ல யாரைப் பார்ப்பது என்று அந்த ஆளின் பெயரையும் எழுத வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் கொடுக்கக் கூடாது. புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தால், அங்கே எத்தனை பேர் அடித்தார்களோ அத்தனை குற்றத்துக்கும் சேர்த்து அவரே அபராதம் கட்ட வேண்டும்.

சட்டம் சரியான ஆளின் சட்டையைப் பிடிக்கிற இடம் இதுதான். பிடித்து நான் பார்த்ததில்லை. மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்து துண்டு பீடி பிடித்தவரை நிற்கவைத்து ரசீது எழுதினதைப் பார்த்திருக்கிறேன். ஏசி போட்டுக் கதவைச் சாத்தி, மேஜைக்கு மேஜை ஆஷ்ட்ரே வைத்த பார் முதலாளி ஒருத்தர் அபராதம் கட்டினதாக இன்றுவரை கேள்விப்படவில்லை. பாரும் அந்த விதியின் பட்டியலில் இருக்கிறது. தடை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, ஆனால் முதல் ரசீது முதலாளி பெயரில் எழுதப்பட வேண்டும். எங்கள் பலகையில் புகாருக்கு என் பெயரை எழுதச் சொன்னதும் அதனால்தான்.

மணலியிலேர்ந்து வர்ற பொகைய வுட்டுட்டு என் பீடிய புடிக்கிறியே, நாயமா?

இதைக் கேட்டவர் எங்கள் மன்றத்திலேயே மூத்த ஆட்டக்காரர். மொத்தக் கேள்விகளில் எனக்கு வாயடைத்துப்போனது இதற்குத்தான்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. மணலிச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம், சாம்பல் குளம் என்று ஊருக்கே தேவையானதெல்லாம் நம் பக்கம்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. ராயபுரம் பக்கம் துணி காயப்போட்டவர்களுக்குக் கரித்தூள் என்றால் என்னவென்று தெரியும். வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் வேட்டி ஆகும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றது. 2023 டிசம்பர் மாதம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அது வழித்து முடிவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதையெல்லாம் மூச்சில் வாங்கினவரிடம் போய், "பெரியவரே, அந்தப் பீடியை அணைங்க" என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொன்னேன். கரித்தூளை எதிர்த்துப் பேசின ராயபுரத்துக்காரர்கள் என்ன கேட்டார்கள்? நீ சம்பாதிப்பதற்கு என் வீட்டுக் காற்று ஏன் கெட வேண்டும் என்றுதானே? மன்றத்து மூலையில் ஸ்கோர் எழுதுகிற பையன் நம்மிடம் கேட்காமல் கேட்பதும் அதுதான். அவன் பீடி பிடிப்பதில்லை. ஒருநாள் அவன் சட்டைப்பையிலிருந்து கீழே விழுந்தது நீலக்கலர் இன்ஹேலர். மணலிப் புகையை நிறுத்த நமக்குக் கோர்ட்டு வேண்டும், கலெக்டர் வேண்டும், பத்து வருஷம் வேண்டும். இதை நிறுத்த ஒரு ஆணியும் ஒரு பலகையும் போதுமாக இருந்தது.

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல அவன நிறுத்த சொல்லு" என்றார். ஆனால் வெளியே போய்த்தான் அடிக்கிறார்.

அடிக்கிறவனுக்குத்தான கேடு? பாத்துனு நிக்கிறவனுக்கு இன்னா வந்துச்சு?

1981-இல் ஜப்பானில் ஹிராயாமா என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு கணக்கு வெளியிட்டார். புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினாலு வருஷம் தொடர்ந்து பார்த்த கணக்கு. புருஷன் எவ்வளவு அதிகமாகப் பிடிக்கிறானோ, அந்த அளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. வாயில் சிகரெட்டே வைக்காதவர்கள் அவர்கள். சிகரெட் கம்பெனிகள் அதை உடைக்கப் படாத பாடு பட்டன. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொன்னதால் முடியவில்லை.

காரணமும் எளிதுதான். இழுக்கும்போது உள்ளே போகிற புகை கொஞ்சம். இழுக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கதை பேசும்போது நுனியிலிருந்து வருகிற புகைதான் அறையை நிரப்புகிறது. அது ஃபில்டர் வழியாக வருவதில்லை, சரியாக எரியாமல் வருவதால் விஷமும் அதில் கூடுதல். பீடியில் ஃபில்டர் என்ற பேச்சே கிடையாது. பிறர் விடும் புகையால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சாகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு.

டிபிக்கும் தம்முக்கும் இன்னா சம்பந்தம்? அது கிருமிதானே?

கிருமிதான். ஆனால் கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் முற்றுவதில்லை. புகையில் ஊறிய நெஞ்சில் அது சுலபமாக முற்றிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, நம் சென்னையிலேயே நடந்த ஆய்வு. டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் இன்னும் சிலரும் சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை வீட்டுக்காரர்களிடம் கேட்டுத் திரட்டி, உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகைக்காதவர்களைவிடப் புகைக்கிற நகரத்து ஆண்கள் டிபியால் சாவது நாலு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் டிபி சாவில் பாதிக்குக் காரணம் புகை என்று கணக்கிட்டார்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் டிபி மாத்திரை சாப்பிடாத தெரு எது என்று யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் படத்தை அட்டையில் போட்டது சரிதான். நம் பக்கத்துக்கு டிபி படமும் போட்டிருக்கலாம்.

ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா முடிஞ்சுதே?

முடியாது. ஃபேன் நாற்றத்தைக் குறைக்கும், கேட்டை அல்ல. புகைக்கென்று தனி அறை வைப்பதாக இருந்தால் நாலு பக்கமும் சுவர், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, காற்றை வெளியே தள்ளுகிற ஏற்பாடு எல்லாம் வேண்டும். அதுவும் முப்பது அறை ஹோட்டலுக்கும், முப்பது பேர் உட்காரும் உணவகத்துக்கும், விமான நிலையத்துக்கும்தான் அனுமதி. எங்கள் மன்றமே மொத்தம் பதினாறுக்குப் பன்னிரண்டு.

அப்போ பணக்காரனுக்குக் கண்ணாடி ரூமு, எங்களுக்குப் பலகையா?

இந்தக் கோபம் சரி. அந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சியும். 2021 வரைவில் அதுவும் இருந்தது.

என் காசு, என் ஒடம்பு, என் உரிமை. கேக்க நீ யாரு?

உங்கள் உடம்பைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மேலே சொன்ன கேரள உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவை, அதாவது உயிர் வாழும் உரிமையை. யாருடைய உயிர் என்றால், பக்கத்தில் நிற்கிறவர் உயிர். உங்களுக்குப் பிடிக்கும் உரிமை இருக்கிறது. தடை இடத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. சொல்லப்போனால் ரெட் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தவறினால் காயினை எடுத்து வைக்கிறோமே, அங்கே மட்டும் "என் காயின், என் உரிமை" என்று யாரும் சொல்வதில்லை.

வெளிய அடிக்கக் கூடாதுன்னா வூட்டாண்ட போய் அடிப்பான். பொண்டாட்டி புள்ள கெட்டுப் போவாதா?

கேட்டவர் ஒரு பெண். ஆட்டக்காரர் ஒருத்தரின் மனைவி. எனக்கும் இந்தப் பயம் உண்டு, மறைக்க மாட்டேன்.

2016-17-இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், உள்ளறையில் வேலை பார்ப்பவர்களில் 30.2 சதவீதம் பேர் வேலை இடத்தில் அடுத்தவர் புகையைச் சுவாசித்தார்கள். வீட்டில் சுவாசித்தவர்கள் 38.7 சதவீதம். வீடுதான் மோசம். சட்டத்துக்கு வீட்டுக்குள் வர வழியில்லை. சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது, எண்ணூர் இருமுகிறது. புகையை ஓரிடத்தில் தடுத்தால் இன்னோரிடத்துக்குப் போகும் என்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தில் 2006-இல் தடை வந்தபோது இதே பயம் எழுந்தது. பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். புகையின் தடயம் கூடவில்லை, குறைந்திருந்தது. வெளியே கட்டுப்பட்டவர்கள் வீட்டிலும் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது எனக்கு ஓரளவுக்குத்தான் தெம்பு. அவர்கள் வீடு வேறு. நம் பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் கட்டிலும் தொட்டிலும் ஒன்றாக இருக்கின்றன; வாசல் என்பதே எதிர்வீட்டு ஜன்னல். எனவே அந்த அக்காவுக்கு நான் சொன்னது: பலகை எங்கள் சுவரில் இருக்கிறது, அதே மாதிரி ஒன்று உங்கள் வீட்டுக்கும் எழுதித் தருகிறேன். வாங்கிக்கொண்டு போனார். மாட்டினாரா என்று அவர் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. மாட்டியிருக்கிறார்.

அப்படி கெட்டதுன்னா விக்கிறதையே நிறுத்த வேண்டியதுதான?

பூட்டான் 2004-இல் நிறுத்திப் பார்த்தது. கள்ளத்தனமாக எல்லை தாண்டி வந்தது. கடைசியில் 2021-இல் தடையை எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் வேலூர், திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களுக்கு வேறு பிழைப்பு காட்டாமல் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதினெட்டு வயதுக்குக் கீழே விற்பதும், பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் இப்போதே குற்றம். அதையாவது பார்க்கலாம்.

பேட்டரி சிகரெட்டு?

2019-இலிருந்து நாடு முழுக்க இ-சிகரெட் விற்பதே குற்றம். மன்றத்துக்குள்ளும் கிடையாது.

பெரியவங்க யாராவது உள்ள பத்த வெச்சா எப்படி சொல்றது?

பையன்களை அனுப்பாதீர்கள், மரியாதைக் குறைவாகப் போய்விடும். "ணா, வெளிய போலாம் வா, ஒரு விஷயம் பேசணும்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே போனபின் பேச விஷயம் ஒன்றும் இருக்காது, அவருக்கும் புரிந்துவிடும். பலகையைக் காட்டிச் சண்டை போட்டு ரெண்டு பேரை இழந்திருக்கிறோம். ஒருத்தர் டபுள்ஸில் என் ஜோடி.

நானும் வுடணும்னு பாக்குறேன். முடியல.

நான் மூணு தடவை விட்டு மூணு தடவை பிடித்தவன். நாலாவது தடவைதான் நின்றது. முதல் மூணு நாள் ரொம்பக் கஷ்டம். கை பரபரக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும், ஸ்ட்ரைக்கர் கையில் நிற்காது. அதைத் தாண்டினால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும், பிறகு பழக்கத்தோடுதான் மல்லுக்கட்டு. எனக்கு டீதான் எதிரி. டீ குடித்தால் தம் கேட்கும். ஆறு மாசம் டீயை விட்டுவிட்டு மோர் குடித்தேன், கிண்டல் செய்தார்கள். மத்திய அரசின் இலவச ஆலோசனை எண் ஒன்று இருக்கிறது: 1800-11-2356. தமிழில் பேசுகிறார்கள். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

சரி, வெளிய எங்கதான் நின்னு அடிக்கிறது?

முதலில் படிக்கட்டுக்குக் கீழே என்று வைத்தோம். புகை நேராக மாடி வீட்டுக்குப் போகிறது என்று அவர்கள் சொன்னார்கள், சரிதான். பிறகு பக்கத்துச் சந்து. அங்கே பால்வாடிப் பிள்ளைகள் போகிறார்கள். இப்போதைக்கு மாவு மில்லின் பின்சுவர் ஓரம், குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம், மண் போட்ட பழைய பெயின்ட் டப்பா ஒன்று வைத்திருக்கிறோம். துண்டுகளை அதில் போடுங்கள், கால்வாயில் வேண்டாம். மழை பெய்தால் அங்கே ஒதுங்க இடமில்லை என்று புகார் வந்திருக்கிறது. ஷீட் போடக் கமிட்டியில் பணம் கிடையாது.